அக்கி வந்தால் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

சில வாரங்களுக்கு முன் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், நீரிழிவும் உண்டு. வலப்பக்க விலாவில் தொடங்கி முதுகுவரை ஒரு பட்டைபோலக் கொப்புளங்கள் பரவியிருந்தன. அவற்றின் மேல் காவி பூசப்பட்டிருந்தது. கொப்புளங்கள் தோன்றி ஐந்து நாள்கள் ஆகியிருந்தன.

அக்கிக்கான மருந்துகளை எழுதிய பின், "வழக்கமான மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் சற்றுத் தயங்கி, "கொழுப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டோம், டாக்டர். அதனால்தான் அக்கி வருகிறது என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தது" என்றார்.

அந்தச் செய்தி முழுக் கற்பனையன்று. உண்மையாக நடந்த ஓர் ஆய்வின் முடிவில் பாதியை மட்டும் அது எடுத்துரைத்திருந்தது. மற்றப் பாதியையும் அறிந்திருந்தால் அக்குடும்பத்தினர் அந்த மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். அந்த மற்றப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கி எவ்வாறு தோன்றுகிறது?

சின்னம்மையை உண்டாக்கும் வைரஸே அக்கியையும் உண்டாக்குகிறது. சிறுவயதில் சின்னம்மை வந்து ஆறிய பின்னும் அவ்வைரஸ் உடலைவிட்டு முழுமையாக நீங்குவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியும் மூளையின் அடிப்பகுதியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. நம் நோயெதிர்ப்பு ஆற்றல் அதனை அங்கேயே அடக்கி வைத்திருக்கிறது. வயது ஏறும்போதோ, நீரிழிவு, புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீராய்டு மருந்துகள் போன்றவற்றால் அந்த ஆற்றல் தளரும்போதோ வைரஸ் விழித்தெழுந்து, ஒரே நரம்பின் வழியாகத் தோலை வந்தடைகிறது. ஆகையால்தான் அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், அந்த நரம்பு செல்லும் பாதையில் பட்டைபோலத் தோன்றுகிறது.

உதட்டோரத்தில் அடிக்கடி வரும் சிறு கொப்புளத்தையும் சிலர் அக்கி என்பர். அது வேறொரு வைரஸால் வருவது. இங்கு நாம் பேசுவது அதைப் பற்றியன்று.

அக்கி அரிதான நோயுமன்று. வாழ்நாளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது வரக்கூடும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணிப்பு. 50 வயதுக்கு மேல் அதற்கான வாய்ப்பு கூடிக்கொண்டே செல்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் தேவைப்படுவதும் அதே வயதில்தான். எனவே, அம்மாத்திரையை எடுத்துவரும் ஒருவருக்கு அக்கி வருவது என்பது, மாத்திரைக்குச் சிறிதும் தொடர்பில்லாமலேயே அடிக்கடி நிகழக்கூடியது.

கொழுப்பு மாத்திரையின் பணி

நாம் பொதுவாகக் கொழுப்பு மாத்திரை என்று அழைப்பவை பெரும்பாலும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்தவை. உங்கள் மருந்துச் சீட்டில் அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என்ற பெயர்களுள் ஒன்று இருக்கக்கூடும். 1970-களில் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1987-இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதை இம்மருந்துகள் குறைக்கின்றன. தனக்குத் தேவையான கொலஸ்ட்ராலைப் பெறுவதற்காகக் கல்லீரல், இரத்தத்தில் உள்ள எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை மிகுதியாக உள்ளிழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது. அத்துடன் இரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்துள்ள கொழுப்புத் திட்டுகள் வெடித்து அடைப்பு ஏற்படும் அபாயமும் குறைகிறது. ஆகவே, இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அளவு சரியாக இருக்கிறது என்பதாலேயே மாத்திரை இனித் தேவையில்லை என்று கொள்ளலாகாது. பல வேளைகளில் அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஸ்டாட்டின் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 4,95,000 பேரையும், எடுத்துக்கொள்ளாத அதே எண்ணிக்கையினரையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே அக்கி 13 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. 2016-இல் பிரிட்டனில் வெளியான மற்றொரு பெரிய ஆய்விலும் ஏறத்தாழ இதே அளவு தொடர்பு தென்பட்டது.

கைபேசிச் செய்தி இந்த '13 விழுக்காடு' என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. அதைக் கேட்பவர், மாத்திரை எடுக்கும் நூறு பேரில் பதின்மூன்று பேருக்கு அக்கி வரும் என்று எண்ணிக்கொள்கிறார். அது சரியன்று. அதே கனடா ஆய்வின் எண்களை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்போம். மாத்திரை எடுக்காத ஆயிரம் முதியவர்களில் ஓராண்டில் ஏறத்தாழ 12 பேருக்கு அக்கி வந்தது. மாத்திரை எடுத்த ஆயிரம் பேரில் ஏறத்தாழ 13 பேருக்கு வந்தது. ஆயிரத்துக்கு ஒருவர் அல்லது இருவர் என்பதே வேறுபாடு.

அந்த வேறுபாட்டுக்கும் மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது. ஸ்டாட்டின் மருந்துகளுக்கு நோயெதிர்ப்பு அணுக்களின் செயலைச் சற்று மட்டுப்படுத்தும் தன்மை உண்டு. அதனால் உறங்கும் வைரஸ் விழித்தெழக்கூடும் என்பது ஒரு கருத்து. மற்றொரு விளக்கமும் உண்டு. தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரை அடிக்கடி சந்திக்கிறார்கள். எனவே அவர்களுக்கு அக்கி வந்தால் அது மருத்துவப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. மருத்துவரைக் காணாதவருக்கு வரும் அக்கி பதிவாவதில்லை. மேலும், மாத்திரை எடுப்பவர்களுக்கு நீரிழிவு முதலிய பிற நோய்களும் மிகுதி. ஆய்வாளர்கள் இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு திருத்தம் செய்கிறார்கள் என்றாலும், நடந்தவற்றைப் பதிவேட்டிலிருந்து திரட்டும் ஆய்வு எதுவும் இவற்றை முழுமையாக நீக்கிவிட முடியாது.

நன்மையையும் தீமையையும் எடைபோடுதல்

சிறு தீமை ஒன்று உண்டு என்றே ஒப்புக்கொள்வோம். அதற்கு ஈடாகக் கிடைக்கும் நன்மை எவ்வளவு?

இதய நோய் உள்ள 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு 1994-இல் வெளியாயிற்று. பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும், மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் வழங்கப்பட்டன. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தனர். ஆயிரம் பேர் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 40 உயிர்கள்.

கனடா ஆய்வின் எண்களை இதே கால அளவுக்குப் பெருக்கினால், ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக அக்கி வந்திருக்கலாம். இரு ஆய்வுகளும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு மக்களிடம் நடந்தவை. ஆகவே இது தோராயமான ஒப்பீடுதான். ஆயினும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. ஒரு தட்டில் எட்டுப் பேரின் அக்கி, மறு தட்டில் நாற்பது பேரின் உயிர்.

இக்கணக்கு ஏற்கெனவே மாரடைப்பு அல்லது இதய நோய் வந்தவர்களுக்கு உரியது. இதுவரை இதய நோயோ பக்கவாதமோ வராமல், முன்னெச்சரிக்கையாக மட்டும் மாத்திரை எடுப்பவர்களுக்கு நன்மையின் அளவு சற்றுக் குறைவாக இருக்கும். அவர்கள் ஐயமிருந்தால் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். தாமாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

நிறுத்தக் கூடாத வேளை

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாயின் அது இப்பகுதியாக இருக்கட்டும்.

அக்கி தோலோடு நிற்கும் நோயன்று. அவ்வைரஸ் இரத்தக்குழாய்களையும் பாதிக்கக்கூடியது. உடலில் அழற்சியையும் கூட்டுகிறது. அமெரிக்க முதியவர்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வில், அக்கி வந்த முதல் வாரத்தில், இரத்தக்குழாய் அடைப்பினால் ஏற்படும் பக்கவாதம் வழக்கத்தைவிட 2.4 மடங்காகவும், மாரடைப்பு 1.7 மடங்காகவும் இருந்தமை தெரியவந்தது. அடுத்த சில மாதங்களில் இந்த அபாயம் படிப்படியாகத் தணிந்தது.

அதாவது, அக்கி வந்திருக்கும் நாள்களே இதயத்துக்கும் மூளைக்கும் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் நாள்கள். அந்த நேரம் பார்த்துக் கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது, மழை தொடங்கும்போது குடையை மடக்கி வைப்பதற்கு ஒப்பாகும். மாத்திரையை நிறுத்திய சில நாள்களிலேயே எல்.டி.எல். ஏறத் தொடங்கி, சில வாரங்களில் பழைய அளவை எட்டிவிடும். மாத்திரையை நிறுத்துவதால் வந்த அக்கி விரைவில் ஆறப்போவதுமில்லை.

நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னொரு வழக்கமும் உண்டு. கொப்புளம் கண்டவுடன் அதனை அம்மையாகக் கருதி, ஆங்கில மருந்துகள் அனைத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். வேப்பிலை வைப்பதையோ, வழிபடுவதையோ, உணவில் காரத்தைக் குறைப்பதையோ நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும், இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரைகளும் ஒரு நாளும் தடைபடலாகாது. ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு இது உயிர் தொடர்பானது.

வலியை இனங்காணுதல்

கொழுப்பு மாத்திரை எடுப்பவருக்கு உடலில் வலி தோன்றினால் மூன்று ஐயங்கள் எழலாம். அவற்றை வேறுபடுத்தி அறிவது பராமரிப்பவர்களுக்குப் பெரிதும் உதவும்.

முதலாவது, அக்கியின் வலி. இது உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். எரிச்சலாகவோ, ஊசி குத்துவதுபோலவோ, மின்சாரம் பாய்வதுபோலவோ தோன்றும். சட்டைத் துணி உரசினாலும் தாங்க முடியாது. கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு மூன்று நாள்கள் முன்பே இவ்வலி வந்துவிடலாம்.

இரண்டாவது, மாத்திரையால் வரும் தசைவலி. இது பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரியாக, தொடை, இடுப்பு, தோள், கெண்டைக்கால் ஆகிய இடங்களில் வரும். தோலில் மாற்றம் இராது. இதனை மருத்துவரிடம் கூறினால் மருந்தின் அளவையோ வகையையோ மாற்றித் தருவார். தசைவலி கடுமையாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, இதய வலி. நெஞ்சின் நடுவே அழுத்துவதுபோல, பாரம் வைத்ததுபோலத் தோன்றும். கை, தாடை, முதுகு எனப் பரவலாம். வியர்வையும் மூச்சுத் திணறலும் உடன் வரலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் இவ்வறிகுறிகள் மங்கலாகவும் இருக்கும்.

இடப்பக்க நெஞ்சில் அக்கி வருமுன் தோன்றும் வலியை மாரடைப்பு என எண்ணி வருபவர்கள் உண்டு. அவ்வாறு வருவதில் தவறே இல்லை. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதய வலி அன்று என்று அறிந்து திரும்புவது நல்லதே. மாரடைப்பை அக்கி என எண்ணி வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து. நெஞ்சு வலியில் ஐயம் இருந்தால் முதலில் இதயத்தையே பரிசோதிக்க வேண்டும்.

எழுபத்திரண்டு மணி நேரம்

அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் உண்டு. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் இவை மிகுந்த பயன் தரும். புதிய கொப்புளங்கள் தோன்றுவது விரைவில் நிற்கும். கடுமையான வலியும் விரைவில் தணியும். கண், காது பாதிக்கப்பட்டவர்களுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் அதற்குப் பின்னரும் மருந்து தரப்படும். இம்மருந்துகளைக் கொழுப்பு மாத்திரையுடன் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள். போதிய அளவு நீர் பருகுங்கள்.

நம் ஊர்களில் மண்பாண்டம் செய்வோரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. காவி தரும் குளிர்ச்சியில் எரிச்சல் சற்று அடங்கலாம். ஆனால் அது வைரஸைத் தாக்குவதில்லை. அக்கியின் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே காய்ந்துவிடும் இயல்புடையவை. அதனால் எழுதியதே குணப்படுத்தியது என்ற நம்பிக்கை உண்டாகிறது. உள்ளே நரம்பு அடைந்த பாதிப்பு வெளியே தெரிவதில்லை. கொப்புளங்கள் ஆறிய பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நரம்பு வலியே முதியவர்களை மிகவும் வாட்டுவது. எழுதிக்கொள்வதில் முதல் மூன்று நாள்கள் கழிந்துவிடுவதுதான் எங்கள் கவலை. உடைந்த கொப்புளத்தின் மேல் மண் பூசுவதால் கிருமித் தொற்று ஏற்படவும் கூடும்.

கீழ்க்கண்ட நிலைகளில் காத்திராமல் உடனே வாருங்கள்:

நெற்றி, கண்ணிமை, மூக்கின் நுனி ஆகிய இடங்களில் கொப்புளம் தோன்றினால். கண்ணின் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை குன்றக்கூடும்.

காதிலோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, முகம் ஒரு பக்கமாகக் கோணினால்.

கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், கடும் தலைவலி, குழப்பம், நெஞ்சு வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும்.

தடுப்பூசி

அக்கிக்கான புதிய வகைத் தடுப்பூசி இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணைகளாகப் போடப்படும். ஆய்வுகளில் இது அக்கியை 90 விழுக்காட்டுக்கும் மேல் தடுத்தது. உயிருள்ள வைரஸ் இதில் இல்லை. போட்டபின் இரண்டு மூன்று நாள்கள் கைவலி, காய்ச்சல், அசதி இருக்கலாம். விலை கூடுதல் என்பது உண்மை. ஆகவே எல்லோரும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. ஆயினும் இதய நோயோ நீரிழிவோ உள்ள முதியவர்கள் அடுத்த முறை வரும்போது இதுபற்றிக் கேளுங்கள். அக்கியைப் பற்றிய அச்சத்துக்குச் சரியான விடை தடுப்பூசியே. தடுப்பூசிக்காகக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தவும் வேண்டியதில்லை.

குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

அக்கி மற்றவர்களுக்குத் தொற்றுமா?

அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்கும் அதற்கான தடுப்பூசி போடாதவருக்கும் சின்னம்மை வரலாம். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை அவற்றைத் தூய துணியால் மூடி வையுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரிடமிருந்து விலகி இருக்கச் சொல்லுங்கள்.

குளிக்கலாமா?

குளிக்கலாம். மென்மையாக நீர் ஊற்றி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

உணவில் பத்தியம் வேண்டுமா?

வேண்டியதில்லை. நீரிழிவுக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே கூறிய உணவுமுறையே போதும். பட்டினி கிடப்பது நீரிழிவு உள்ளவர்களுக்குத் தீங்கு தரும்.

மாத்திரையைச் சில நாள் தவறவிட்டுவிட்டோம், என்ன செய்வது?

அஞ்ச வேண்டாம். வழக்கமான அளவில் மீண்டும் தொடங்குங்கள். விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. எடுக்காத மாத்திரையை எடுத்ததாக எண்ணி வேறு மருந்தைக் கூட்டிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறோம்.

நினைவிற்கொள்க

கொழுப்பு மாத்திரைக்கும் அக்கிக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது. காரணம் மாத்திரைதான் என்று நிறுவப்படவும் இல்லை.

அக்கி வந்த வாரங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுகிறது. அப்போது மாத்திரை இன்னும் தேவை.

ஒரு பக்க எரிச்சலும் கொப்புளமும் தோன்றினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எந்த மாத்திரையையும் நிறுத்துமுன் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் கூறிய பெரியவர் அன்றிரவே கொழுப்பு மாத்திரையை மீண்டும் எடுக்கத் தொடங்கினார். நான்கு வாரங்களில் தோல் ஆறிவிட்டது. எரிச்சல் இன்னும் முழுமையாக நீங்கவில்லை. அதற்கெனத் தனியே மருந்து எடுத்துவருகிறார். மூன்றாம் நாளே வந்திருந்தால் அவ்வெரிச்சல் வராது என்று நான் உறுதி கூற முடியாது. முதல் வாரங்களின் வேதனையேனும் குறைந்திருக்கும். சென்ற முறை அவர் மகள் தம் கைபேசியில் வந்த வேறொரு செய்தியைக் காட்டி, "இதை நம்பலாமா, டாக்டர்?" என்று கேட்டார். இம்முறை எந்த மாத்திரையையும் நிறுத்துவதற்கு முன்பே கேட்டார். நீங்களும் அவ்வாறே கேளுங்கள்.